இலவசச் சிலுவை

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டும் அந்த மனிதரை எல்லோரும் ஆமென்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் கூப்பிட்டு ஒரு மாலை போடலாம், அவ்வளவு பொருத்தம். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் கண்ணை மூடி ஜெபத்தை நிதானமாக முடிவுக்குக் கொண்டுவருவார். இன்னும் நாலைந்து வார்த்தை பாக்கி இருக்கும். அதற்குள் முன்வரிசையிலிருந்து கனத்த குரலில் ஒரு ஆமென் வந்து விழும். பாதிரியார் கண்ணைத் திறக்காமலே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்.

பக்தி குறைவென்று யாரும் சொல்ல முடியாது. எதுவானாலும் அவருக்குப் பாதியிலேயே புரிந்துவிடும், வியாதி அதுதான். மனைவி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்து வைப்பது அவர். பெரும்பாலும் தப்பாக முடித்து வைப்பார். "உப்பு..." என்று அவள் வாயெடுத்தால், "தெரியும், கம்மி" என்பார். உப்பு தீர்ந்துபோயிருக்கும்.

ஆனால் வேலையில் மனிதர் கெட்டிக்காரர். பளபளப்பான கருங்கல் பலகையின் மேல் ரப்பர் தாளை ஒட்டுவார்கள். எழுத்துகளை மனைவி கணினியில் அமைத்துத் தருவாள், அந்த வடிவத்தில் தாளை வெட்டி எடுத்துவிட்டு, கம்பிரசரை ஓட்டி மணலைப் பீய்ச்சுவார். தாள் இருக்கும் இடம் தப்பிக்கும், இல்லாத இடம் பள்ளமாகும். ஒருமுறை பள்ளமானது பள்ளமானதுதான். இதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கிறிஸ்தவர்களின் கல் என்றால் முதலில் உச்சியில் சிலுவை வடிவம் வெட்டி எடுத்த தாளை ஒட்டுவார். சிலுவையின் நெடுங்கோடுதான் அவருக்கு நடுக்கோடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் அளந்துதான் பெயரும் தேதியும் இறங்கும். தயாராக வெட்டிய சிலுவைத் தாள்கள் மேசையில் எப்போதும் ஒரு கட்டு கிடக்கும். கை தானாகப் போய் ஒன்றை எடுத்துவிடும்.

அன்று காலை தொலைபேசி மணி அடித்தபோது, முந்தின நாள் முடித்த ஒரு கல்லை அவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்து போன வருடம் மாரடைப்பில் இறந்துபோன ஒருவரின் கல் அது. அழைத்தது இறந்தவரின் மனைவி. முன்னறையிலிருந்த ஆமென்காரரின் மனைவி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுப் பேசினாள்.

"கல்லு முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுதும்மா. சனிக்கிழமை காலையில வந்து நட்டுடுவோம்."

"அவரோட அக்கா வர்றாங்க. நாங்க இந்தச் சபைக்கு மாறின நாள்லேருந்து எங்க வாசப்படி மிதிக்காதவங்க. அடக்கத்துக்குக்கூட கல்லறை கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுப் போனாங்க. இப்பதான் முதல் தடவையா கல்லைப் பார்க்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதான் மனசு அடிச்சுக்குது. சிலுவை இல்லாம கல்லு மொட்டையா தெரியலையே?"

முன்னறைக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைதான். மனைவி திரையை விலக்கிக் கணவரைப் பார்த்தாள். கணவர் கல்லைப் பார்த்தார். கல்லின் உச்சியில், ஒரு விரல் ஆழத்தில், அம்சமாக ஒரு சிலுவை இருந்தது.

"நல்லா... நல்லா வந்திருக்கும்மா," என்று சொல்லி மனைவி தொலைபேசியை வைத்தாள்.

"அந்தம்மா எப்ப வேண்டாம்னு சொன்னாங்க?" என்றார் ஆமென்காரர்.

"நீங்க சொல்ல விட்டாத்தானே? 'அப்புறம் அண்ணே, இந்தச் சிலுவை'ன்னு ஆரம்பிச்சாங்க. 'சிலுவைக்குக் காசே வேண்டாம்மா, நம்ம கடையில அது எல்லாருக்கும் இலவசம்'னுட்டு எழுந்து போனீங்க. அவங்க பின்னாலயே வந்து ஏதோ சொன்னாங்க. கம்பிரசர் ஓடிட்டிருந்துச்சு. திரும்பிக்கூடப் பார்க்காம 'சரி சரி'ன்னு கையை ஆட்டினீங்க."

தப்பு தன்னுடையதுதான் என்று அவருக்குப் புரிந்தது. தப்புச் செய்தால் மனிதருக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"அது எப்படி சிலுவை வேண்டாம்னு சொல்வாங்க? எழுதச் சொன்ன பேரைப் பாரு, அப்போஸ்தலர் பேரு! வேற மதமா இருந்தா சிலுவைக்குப் பதிலா சாக்பீஸால நடுக்கோடு போட்டிருப்பேன். இயேசுவைக் கும்பிடறவங்களுக்கு சிலுவை வேண்டாமா? இதென்ன கூத்து?"

"அவங்க மார்மன் சபைங்க. அவங்க கோயில்ல சிலுவை இருக்காது. உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப அவங்க கும்பிடற இயேசு யாரு?"

"அதை நீங்க தீர்மானிக்க வேண்டாம். இந்தக் கல்லு யாருதுன்னு மட்டும் தீர்மானிங்க," என்றாள் மனைவி. அந்த வாக்கியத்தை மட்டும் அவரால் இடையில் வெட்ட முடியவில்லை.

பள்ளத்தில் கல்பொடியையும் பசையையும் குழைத்து அடைத்துப் பார்க்கலாம். வெயில் பட்டால் சிலுவை மறுபடி சாம்பல் நிறத்தில் பல்லைக் காட்டும். முகத்தையே இழைத்து மெருகேற்றலாம் என்றால், அவ்வளவு ஆழத்துக்கு இழைத்தால் கல் அப்பளமாகிவிடும். அதே கருங்கல்லில் புதுப் பலகை வர மூன்று வாரமாகும். சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். பல வருடம் முகம் திருப்பிக்கொண்டிருந்த ஒரு அக்கா, தம்பியின் கல்லைப் பார்க்க வருகிற நாளில், கல் இருக்காது. அல்லது அந்த விதவை வேண்டாமென்று சொன்ன சிலுவையோடு இருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு பெண்ணின் துக்கத்தில் மண்ணள்ளிப் போட்டாகிவிட்டது.

அவர் நேராகப் பாதிரியாரிடம் போனார். பாதிரியார் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார், பிறகு ஆமென்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

"அவங்க கிறிஸ்தவங்களா இல்லையா ஃபாதர்? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா இருந்தா சபைகள் இத்தனை நூற்றாண்டு சண்டை போட்டிருக்குமா? உட்காருங்க. இயேசு தேவனோட குமாரன், கன்னி வயித்துல பிறந்தார், நம்ம பாவத்துக்காகச் செத்தார், மூணாம் நாள் எழுந்தார். இதுல ஒண்ணைக்கூட அவங்க மறுக்கல."

"அப்ப ஒண்ணுதான்," என்றார் ஆமென்காரர் எழுந்து.

"உட்காருங்கன்னேன். நான் இன்னும் முடிக்கல. நாம ஒரே கடவுள்னு சொல்றோம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஆள் மூணு, கடவுள் ஒண்ணு. சுதன் உண்டாக்கப்பட்டவர் இல்ல, ஆதியிலேருந்தே பிதாவோட ஒரே தன்மை. அவங்க அப்படிச் சொல்றதில்ல. மூணும் தனித்தனி, நோக்கத்துல மட்டும் ஒண்ணும்பாங்க. பிதாவுக்கே எலும்பும் சதையுமா உடம்பு உண்டும்பாங்க. இயேசு பிதாவோட ஆவிப் பிள்ளைகள்ல தலைப்பிள்ளை, அந்த வகையில நமக்கெல்லாம் மூத்த அண்ணன்னு சொல்வாங்க. உயிர்த்தெழுந்தப்புறம் கடல் தாண்டி இன்னொரு கண்டத்து ஜனங்களுக்கும் காட்சி கொடுத்தார்னு நம்புறாங்க. அதுக்குத் தனியா ஒரு வேதநூலும் இருக்கு."

"அப்ப வேற வேறதான்."

"அவங்க ஞானஸ்நானம் நமக்குச் செல்லாது. நம்மது அவங்களுக்குச் செல்லாது. அவ்வளவு தூரம் உண்மைதான்." பாதிரியார் வாளியைக் கீழே வைத்தார். "ஆனா இதுல எதுவும் உங்க கல்லைச் சரி பண்ணாது. போய் அந்தம்மாகிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

ஆமென்காரர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். "சனிக்கிழமை அங்க அவங்க ஆளு ஜெபம் பண்ணுவார். நான் பக்கத்துல நிக்கணும். அதுக்கு நான் ஆமென் சொல்லலாமா ஃபாதர்?"

"முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க," என்றார் பாதிரியார். "எங்க ஜெபத்தையே நீங்க இதுவரைக்கும் முழுசாக் கேட்டதில்லையே."

மறுநாள் காலை கணவனும் மனைவியும் அந்த வீட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் ஆமென்காரர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். அந்தம்மா பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

சின்ன வீடு, சுத்தமாக இருந்தது. கண்ணாடிக் கடையில் இருந்த கண் பரிசோதனை அட்டை இன்னும் ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. எதிர்ச் சுவரில் இயேசுவின் பெரிய படம். வெள்ளை அங்கியில் நேராக நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். முள்முடி இல்லை, இரத்தம் இல்லை. உள்ளங்கையில் மட்டும் ஆணித் தழும்பு தெரிந்தது. ஆமென்காரர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் வீட்டுப் படத்தில் இருப்பவர்தான், ஆனால் வேறொரு நாளில் எடுத்த படம் என்று தோன்றியது.

"காபி, டீ எங்க வீட்டுல கிடையாது அண்ணே. பால் சூடா தரட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

காபியில்தான் அவர் உயிர் ஓடுகிறது. இருந்தாலும் பாலை வாங்கிக் குடித்தார். தப்புச் செய்தவனுக்குப் பாலே அதிகம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "சிலுவை வெட்டிட்டேன்மா," என்று போட்டு உடைத்தார். "நீங்க வேண்டாம்னு சொன்னதை நான் காதுல வாங்கல. கை பழக்கத்துல போயிடுச்சு. புதுக் கல்லு என் செலவு. ஆனா சனிக்கிழமைக்கு ஆகாது."

அந்தப் பெண் காலித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஆமென்காரருக்கு அந்த மௌனத்தை ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும் போல் நாக்கு துறுதுறுத்தது. மனைவி அவர் காலை மிதித்தாள்.

"சிலுவை மேல எங்களுக்கு வெறுப்பு ஒண்ணும் கிடையாது அண்ணே," என்றாள் அந்தப் பெண் கடைசியில். "போடக் கூடாதுன்னு சட்டமும் இல்ல. இயேசு சாகறதுக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல மண்டி போட்டு, வேர்வை இரத்தமா சிந்தினாரே, அங்கயே நம்ம பாவத்தைச் சுமக்க ஆரம்பிச்சார், சிலுவையில முடிச்சார்னுதான் நாங்களும் நம்பறோம். ஆனா உயிரோட இருக்கறவரை ஞாபகப்படுத்திக்க, அவரைக் கொன்ன ஆயுதம் எதுக்குன்னு எங்க பழக்கம்."

"எங்களுக்கு அது ஆயுதம் இல்லம்மா," என்றார் ஆமென்காரர். அந்தப் பெண் முடித்துவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "எங்களுக்காக எவ்வளவு தூரம் இறங்கி வந்தார்னு காட்டற அடையாளம் அது. கடவுளே வந்து அதுல தொங்கினார். அதைத் தாண்டி எங்களுக்கு வேற கடவுள் கிடையாது."

"தெரியும். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தானே வளர்ந்தார். மூணு பேரும் ஒரே கடவுள்னு நீங்க சொல்றீங்க. மூணு பேரும் தனித்தனி, மனசு ஒண்ணுன்னு நாங்க சொல்றோம். இது சின்ன வித்தியாசம்னு நான் பூசி மெழுக மாட்டேன். இந்த வித்தியாசத்துலதான் ஒரு அக்காவும் தம்பியும் இத்தனை வருஷம் பேசாம இருந்தாங்க."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். திடீரென்று அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஆமென்காரரின் மனைவி எழுந்து பக்கத்தில் போனாள். பார்த்தால் சிரிப்பு. சிரிப்போடு சேர்ந்து கண்ணில் தண்ணீரும் வந்தது.

"கை பழக்கம்னு சொன்னீங்களே அண்ணே! எங்க வீட்டுக்காரருக்கும் அதே வியாதிதான். எங்க சபையில பெரிய பொறுப்புல இருந்தவர். ஆனா பஸ் டிரைவர் திடீர்னு பிரேக் போட்டா போதும், கை தானா நெத்திக்குப் போயிடும், அப்பாலே நெஞ்சுக்கு, தோளுக்கு. முழுச் சிலுவை! பக்கத்துல எங்க சபைக்காரங்க இருந்தா சட்டைப் பொத்தானைச் சரி பண்ற மாதிரி நடிப்பார். நான் கிண்டல் பண்ணிட்டே இருப்பேன். அன்னிக்கு நெஞ்சு வலி வந்தப்பவும்..." அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "அப்பவும் கை அங்கதான் போச்சு."

ஆமென்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அதான் அவரோட அக்கா, போன மாசம் போன் பண்ணி, 'என் தம்பி கல்லுல சிலுவை இல்லேன்னா நான் பக்கத்துல வர மாட்டேன்'னாங்க. 'போட மாட்டேன்'னு நானும் சொல்லிட்டேன். போட்டா, நாங்க மாறினது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. 'சரி, வர்றேன், வந்து பார்த்துட்டு தூரத்துலேருந்தே போயிடறேன்'னு போனை வெச்சாங்க. அன்னியிலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல அண்ணே. போடவும் முடியல, போடாம இருக்கவும் முடியல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப நீங்க போட்டுட்டீங்க. வேண்டாம்னு சொன்னது நான். வெட்டினது உங்க கை. நடுவுல யாரும் தோக்கல."

ஆமென்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. "அப்ப கல்லு அப்படியே..."

"இருங்க," என்றாள் மனைவி.

"அப்படியே வேண்டாம்," என்றாள் அந்தப் பெண். "எங்க பக்கத்துக்கும் அதுல ஒண்ணு இருக்கணும். சிலுவைக்குக் கீழ ஒரே ஒரு வார்த்தை. 'உயிரோடிருக்கிறார்'னு."

ஆமென்காரர் தலையைச் சொறிந்தார். "செத்தவர் பேருக்கு மேல உயிரோடிருக்கிறார்னு போட்டா, கல்லறைக் காவலாளி என்னைப் பிடிச்சு உள்ள வெச்சிடுவானேம்மா."

"சிலுவை மேல இருக்கே அண்ணே! அது இல்லாமப் போட்டிருந்தாத்தான் குழப்பம். அது இருக்கறதால யாரைச் சொல்றோம்னு தெரியும்."

அவர் சுவரிலிருந்த படத்தை மறுபடி பார்த்தார். நீட்டிய கையும் தழும்பும். சரி என்று தலையாட்டினார். இந்த முறை அவள் முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் ஆட்டினார்.

அன்று சாயங்காலமே வேலை முடிந்தது. எழுத்தை மனைவி கணினியில் அமைத்து உரக்கப் படித்தாள், அவர் திரும்பச் சொன்னார், அவள் மறுபடி படித்தாள். "இவ்வளவு பொறுமை உடம்புல எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவர் சிலுவையின் நெடுங்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் அளந்துகொண்டிருந்தார். வார்த்தை அச்சாக நடுவில் உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் கல்லை நட்டு, அடியில் சிமெண்டும் பூசியாயிற்று. வெள்ளைச் சட்டையும் டையுமாக அவர்கள் சபைக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சிலுவையைப் பார்த்து ஒருவர் புருவத்தை உயர்த்தினார். அந்தப் பெண் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் கல்லிலிருந்த வார்த்தையைப் படித்துவிட்டுப் புருவத்தை இறக்கினார். ஆமென்காரரும் மனைவியும் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். வேலை முடிந்தவர்கள் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. குடையை ஊன்றிக்கொண்டு நாத்தனார் இறங்கினாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அங்கிருந்தே சிலுவை தெரிந்திருக்க வேண்டும். ஒரு முறை தடுமாறிவிட்டு, உள்ளே நடந்து வந்தாள். கல்லின் முன்னால் நின்று சிலுவைப் பள்ளத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். விரல் அந்த வார்த்தையில் வந்து நின்றது.

"நீ போடச் சொன்னியா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டாள்.

ஆமென்காரர் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. சொல்லேன் அம்மா, சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"இல்ல அண்ணி. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவர் தெரியாம வெட்டிட்டார். அழிக்க வேண்டாம்னு சொன்னது மட்டும் நான். கீழ இருக்கற வார்த்தை நான் கேட்டது."

நாத்தனார் திரும்பி ஆமென்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி நின்றார். பிறகு அவள் கல்லைப் பார்த்தாள், கடைசியில் தம்பி மனைவியை.

"வேண்டாம்னதும் நீ. விட்டு வெச்சதும் நீ," என்றாள். "இதுக்கு மேல நான் உன்கிட்ட என்னத்தைக் கேட்கறது?" குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவே இல்லை. ஆமென்காரரின் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அவரும் உறிஞ்சினார், ஆனால் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

டை கட்டியவர்களில் வயதானவர் முன்னால் வந்து தலையைக் குனிந்தார். எல்லோரும் குனிந்தார்கள். அவர் எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் சொந்த வார்த்தையில் ஜெபம் செய்தார். பரலோகத் தகப்பனே என்று ஆரம்பித்தார். கண்ணாடிக் கடைக்காரருக்காக நன்றி சொன்னார், அவர் ஏழைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி போட்டுக் கொடுத்ததைச் சொன்னார். அக்காவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொன்னார். கல்லை வெட்டிய கைகளுக்காகவும் நன்றி சொன்னார். அங்கே ஆமென்காரருக்குத் தொண்டை வரை ஆமென் வந்துவிட்டது. பாதிரியாரை நினைத்து விழுங்கினார்.

ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. மூத்த அண்ணன் என்ற பேச்சு வருமா, கடல் கடந்த கண்டம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். வாழ்நாளில் ஒரு ஜெபத்தை இப்படி அவர் கேட்டதில்லை. வழியில் எங்கெங்கே இரண்டு சபையும் பிரிகின்றன என்று இப்போது அவருக்குத் தெரியும். பிரிந்த இடங்கள் பிரிந்தபடியேதான் இருந்தன. ஆனால் கடைசி வரியில் அந்தப் பெரியவர் குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம்," என்று முடித்தார்.

அவர்கள் சபைக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். சொல்லி முடித்து அமைதியானார்கள்.

ஆமென்காரர் இன்னும் ஒரு நொடி காத்திருந்தார். கேட்ட பெயரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஆமென்," என்றார். அவருடைய ஆமென் எல்லோருக்கும் பிந்தி வந்தது அன்றுதான். தனியாகத்தான் ஒலிக்கும் என்று நினைத்தார். ஆனால் அதே நொடியில், அதே தயக்கத்தோடு, குடையோடு நின்ற நாத்தனாரின் கரகரத்த குரலிலும் ஒரு ஆமென் வந்து அதோடு சேர்ந்துகொண்டது.